0:01 – டெக்சஸ், நெப்ராஸ்கா, ஒரு ரீப்ளே தீர்ப்பு

2009 டிசம்பர் 5, சனிக்கிழமை இரவு. டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில், அந்த வருஷம்தான் திறக்கப்பட்ட கவ்பாய்ஸ் ஸ்டேடியத்தில், அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பிக் 12 என்ற லீகின் சாம்பியன்ஷிப் ஆட்டம். நெப்ராஸ்கா 12, டெக்சஸ் 10. டெக்சஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர், கோல்ட் மெக்காய் வலப்பக்கமாக ஓடி, பின்னாலேயே ஆள் துரத்தி வர, பந்தைக் கோட்டுக்கு வெளியே விட்டெறிந்தார். கடிகாரம் 0:00 காட்டியது. நெப்ராஸ்கா தரப்பு ஆட்கள் கும்பலாக மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். பிறகு ரீப்ளே அறையிலிருந்து சொல் வந்தது: இன்னும் 1 விநாடி பாக்கி இருக்கிறது, கடிகாரத்தில் திரும்பப் போடுங்கள்.

அந்த 1 விநாடியில் ஹன்டர் லாரன்ஸ் 46 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி) அடித்தார். டெக்சஸ் 13, நெப்ராஸ்கா 12.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ரீப்ளே தீர்ப்புகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் இந்த ஆட்டம் தலைகாட்டாமல் போகாது. அந்த விநாடி உண்மையிலேயே இருந்ததா? இருந்தாலும், அதைத் தேடிப் பார்க்க ரீப்ளே அதிகாரிக்கு உரிமை உண்டா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நெப்ராஸ்கா ரசிகர்கள் இரண்டையும் சேர்த்தே கேட்பதால்தான் இந்த வழக்கு இன்றுவரை தீராமல் இழுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இரவு எப்படிப் போனது

டெக்சஸ் அன்றுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அன்று மதியம்தான் அலபாமா, ஃபுளோரிடாவை 32-13 என்று வீழ்த்தியிருந்தது. டெக்சஸ் ஜெயித்தால் தேசிய சாம்பியன்ஷிப்பில் அலபாமாவோடு மோதும். தோற்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும். நெப்ராஸ்காவைப் பெரிய தடையாக யாரும் நினைக்கவில்லை.

ஆனால் நெப்ராஸ்காவின் தடுப்பாட்டத்தில் டாமுகாங் சூ என்று ஒருவர் இருந்தார். அன்று மட்டும் 12 டேக்கிள் (பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது), நாலரை சாக் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). டெக்சஸ் குவார்ட்டர்பேக்கை நெப்ராஸ்கா மொத்தம் 9 தடவை தரையில் சாய்த்தது. மெக்காயின் 3 பாஸ்கள் எதிராளி கைக்குப் போயின. வருஷத்தின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதுக்குப் பேசப்பட்டுக்கொண்டிருந்த ஆட்டக்காரருக்கு அது நல்ல இரவு இல்லை. இன்னொரு பக்கம் நெப்ராஸ்காவின் தாக்குதல் ஆட்டம் என்று ஒன்று இருந்ததா என்றே கேட்கலாம். ஆட்டம் முழுக்க அவர்கள் நகர்ந்தது 106 யார்டு. 12 புள்ளிகளும் அலெக்ஸ் ஹென்ரியின் 4 ஃபீல்டு கோல்களில் வந்தவை. அதில் கடைசி ஃபீல்டு கோல், 1:44 மிச்சமிருக்கும்போது, நெப்ராஸ்காவை 12-10 என்று முன்னே கொண்டுபோனது.

அந்த 1:44-இல் நடந்ததைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். முதல் தவறு நெப்ராஸ்காவுடையது. கோல் அடித்த கையோடு எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுக்கும் கிக்-ஆஃப் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. விதிப்படி டெக்சஸுக்குத் தன் 40 யார்டு கோட்டிலேயே பந்து கிடைத்தது. அடுத்து மெக்காய், ஜோர்டன் ஷிப்லிக்கு 19 யார்டு பாஸ் போட்டார். ஷிப்லியை நெப்ராஸ்கா ஆள் பின்கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வீழ்த்தினார். அதற்கு 15 யார்டு தண்டனை. பந்து நெப்ராஸ்காவின் 26 யார்டு கோட்டுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு பாஸ், இரண்டு தானம். கிக்கருக்கு எட்டுகிற தூரம்.

இரண்டாவது தவறு டெக்சஸுடையது. அவர்கள் கையில் கடிகாரத்தை நிறுத்தும் ஒரு டைம்-அவுட் இருந்தது. பதறாமல் அதை எடுத்துவிட்டுக் கிக்கரைக் கூப்பிட்டிருக்கலாம். கடிகாரத்தை ஓடவிட்டு, 26-இலிருந்து 29-க்குப் பின்வாங்கி, 10 விநாடிக்கும் குறைவாக இருக்கையில் இன்னொரு ஆட்டம் (ஒரு தனி நகர்வு, ‘ப்ளே’) ஆடினார்கள். மெக்காய் வலப்பக்கம் உருண்டு போனார். சூ துரத்தினார். யாரும் ஆளில்லாத இடத்தைப் பார்த்து மெக்காய் பந்தை வீசினார். வீசிய வேகத்தில் பதற்றம் இல்லை. நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தவர் எறிந்த மாதிரிதான் இருந்தது. பயிற்சியாளர் மாக் பிரவுன் இந்த ஆட்டத்தை இழந்திருந்தால், அந்த ஒரு முடிவுக்காகவே ஊர் அவரைச் சும்மா விட்டிருக்காது.

பந்து எப்போது செத்தது

பாஸ் யார் கையிலும் சிக்காவிட்டால் கடிகாரம் நிற்க வேண்டும். எந்தக் கணத்தில்? பந்து பக்கக் கோட்டுக்கு மேலே காற்றில் தாண்டும்போது இல்லை. தரையிலோ, கோட்டுக்கு வெளியே இருக்கிற ஏதாவது ஒன்றிலோ அது படுகிற கணத்தில்தான் ஆட்டம் செத்ததாகக் கணக்கு. மெக்காயின் பந்து கோட்டைத் தாண்டி, வெளியே இருந்த தடுப்புக் கம்பியில் போய்ப் பட்டது. பட்ட அந்தக் காட்சியை நிறுத்திப் பார்த்தால், படத்தின் மேல் பதிந்த கடிகாரம் 0:01. அதற்குப் பிறகுதான் 0:00.

இடைவெளி எங்கிருந்து வந்தது? கடிகாரத்தை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு மனிதர். பந்து படுவதைக் கண் பார்க்க வேண்டும் அல்லது களத்து நடுவர் கையை ஆட்டுவதைப் பார்க்க வேண்டும். மூளை சொல்ல வேண்டும். விரல் பொத்தானை அழுத்த வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இதில் கால் விநாடி, அரை விநாடி கரையும். கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பில் ஒரு விநாடிக்கு 60 ஃபிரேம். ஆக, விரலால் அளந்த நேரத்தை ஃபிரேமால் திருத்தினார்கள்.

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. உள்ளே ஓடுவது பின்னம். வெளியே தெரிவது முழு எண். பலகையில் 0:01 தெரிகிற நேரத்தின் எந்தப் புள்ளியில் பந்து கம்பியில் பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் தொடக்கத்திலா, வாலிலா? ஆனால் திரும்பக் கொடுக்கும்போது 0:01 என்றுதான் கொடுக்க முடியும். நெப்ராஸ்காக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, துளியளவு மிச்சம் இருந்ததை முழு விநாடியாக்கிக் கொடுத்தார்கள் என்பார்கள். வாதம் கேட்க நன்றாக இருக்கிறது, பயன் இல்லை. நேரம் முடியும் முன் ஒரு ஆட்டம் தொடங்கிவிட்டால் அது முடிகிறவரை நடக்கும். பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்னாப் நடக்க ஒரு துளி போதும். லாரன்ஸின் உதைக்கு அதற்கு மேல் தேவையே இல்லை.

மெக்காய் வேண்டுமென்றே பந்தை வீணாக்கினாரே, அதற்குத் தண்டனை இல்லையா என்று கேட்பவர்களும் உண்டு. தடுப்பு வரிசையின் ஓரத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்ட குவார்ட்டர்பேக், பந்து தொடங்கிய கோட்டை எட்டும்படி எறிந்தால் அது சட்டப்படியான வீச்சு. அந்தக் கதவு மூடியதுதான்.

பார்க்க உரிமை இருந்ததா

கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்குக் கல்லூரிக் கால்பந்தின் ரீப்ளே முறை பாதி புரியும், பாதி புரியாது. மேலே ஒரு அறையில் ரீப்ளே அதிகாரி உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருப்பார். சந்தேகம் வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டத்தை நிறுத்தலாம். பயிற்சியாளர்களுக்கும் சவால் விடும் உரிமை உண்டு. களத்துத் தீர்ப்பை மாற்ற வேண்டுமென்றால், மறுக்கவே முடியாத படச் சான்று வேண்டும். அது இல்லாவிட்டால் தீர்ப்பு அப்படியே நிற்கும். நம் ‘அம்பயர்ஸ் கால்’ மாதிரி. பிக் டென் லீக் 2004-இல் சோதனையாக ஆரம்பித்தது, 2005-இல் மற்ற லீகுகள் சேர்ந்துகொண்டன, 2006-இலிருந்து எல்லோருக்கும் ஒரே விதி.

எந்தெந்த விஷயத்தை ரிவ்யூ செய்யலாம் என்று விதிநூலில் பட்டியல் உண்டு. கோட்டைத் தாண்டினாரா, பந்தைப் பிடித்தாரா, கை நழுவியதா, இப்படிப் போகும். 2009-இல் நெப்ராஸ்கா தரப்பின் வலுவான வாதம் இங்கேதான் இருந்தது: ஒரு சாதாரண தவறிய பாஸுக்குப் பிறகு கடிகாரம் சரியாக நின்றதா என்பது அந்தப் பட்டியலில் எங்கே? பதில், பட்டியலின் வாலில் இருந்தது. வேறு எதையும் ரிவ்யூ செய்யக் கூடாது, ஆனால் கடிகாரம் சம்பந்தப்பட்டவை உட்பட, அப்பட்டமான பிழைகளை ரீப்ளே அதிகாரி திருத்தலாம், அந்த ஆட்டம் ரிவ்யூவுக்கு உட்பட்டதோ இல்லையோ என்பது அதன் சாரம். பிக் 12 நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த வால்ட் ஆண்டர்சன் ஆட்டம் முடிந்ததும் இந்த விதியைத்தான் காட்டினார்.

அப்படியானால் 1 விநாடி அப்பட்டமான பிழையா? இரண்டாம் குவார்ட்டரின், அதாவது இரண்டாம் கால்பகுதியின், நடுவில் 1 விநாடி போனால் அதைப் பிழை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். அன்று இரவு இரண்டு அணியும் போட்ட ஒவ்வொரு தவறிய பாஸிலும் கால் விநாடி, அரை விநாடி கரைந்துதான் இருக்கும். அதையெல்லாம் யாரும் கூட்டித் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசி ஒன்றை மட்டும், அதுவும் தேசிய சாம்பியன்ஷிப்புக்குப் போக வேண்டிய அணிக்கு மட்டும், ஃபிரேம் ஃபிரேமாக அளந்து கொடுத்தது நியாயமா?

இதுதான் நெப்ராஸ்காவின் நெஞ்சில் தைத்த முள், நானும் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் என் தீர்ப்பு டெக்சஸ் பக்கம்தான். 35-ஆவது நிமிஷத்தில் அரை விநாடி கரைந்தால், மிச்ச நேரம் இவ்வளவு என்று பலகை காட்டுகிறதைப் பார்த்து இரண்டு அணியும் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்கின்றன. இழப்பு இருவருக்கும் பொது, சரிக்கட்டவும் வழி இருக்கிறது. கடைசி விநாடிக்கு அந்த வழி இல்லை. அதே 1 விநாடி முதல் குவார்ட்டரில் சில்லறை, கடைசி ஆட்டத்தில் முழு ஆட்டம். பிழையின் அளவை விநாடியால் அளப்பதா, அது செய்கிற சேதத்தால் அளப்பதா என்று கேட்டால், விதி எழுதியவர்கள் இரண்டாவதைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிகாரம் என்று தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருக்க மாட்டார்கள்.

முன்னும் பின்னும்

ரீப்ளே இல்லாத காலத்தில் இப்படி ஒன்று நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 நவம்பர் 3 சாட்சி. மிஷிகன் அணி மிஷிகன் ஸ்டேட்டின் மைதானத்தில் முன்னிலையில் இருந்தது. மிஷிகன் ஸ்டேட் குவார்ட்டர்பேக் ஜெஃப் ஸ்மோக்கர் கோல் கோட்டுக்கு அருகே வீழ்த்தப்பட்டார். அணி அவசரமாக வரிசை கட்ட, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். மிச்சம் 1 விநாடி. அந்த ஒன்றில் டி.ஜே. டக்கெட்டுக்கு டச்-டவுன் பாஸ், அதாவது கோல் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுக்கும் பாஸ். 26-24. கடிகாரத்தை இயக்கியவர் விரைந்து நிறுத்திவிட்டார், விநாடி உண்மையில் முடிந்துவிட்டது என்று மிஷிகன் ரசிகர்கள் இன்றும் சாதிப்பார்கள். சரிபார்க்க அன்று ரீப்ளே அறையே இல்லை. பின்னாளில் பிக் டென் லீக் கடிகாரப் பொறுப்பை வீட்டு அணி பக்கமிருந்து எடுத்து லீகின் ஆளிடம் கொடுத்தது. நெப்ராஸ்கா ரசிகர் ஒருவர் ரீப்ளேயே வேண்டாம் என்று சொன்னால், அவருக்குக் கிடைக்கப்போவது இந்த மிஷிகன் ஆட்டம்தான்.

ரீப்ளே இருந்தும் கோட்டை விட்ட கதைகளும் உண்டு. 2006 செப்டம்பர் 16, ஓரிகனின் யூஜின் நகரம். ஓக்லஹோமா 33-27 என்று முன்னே இருக்கையில், ஓரிகன் பந்தைத் தானே மீட்கும் நோக்கத்தில் குட்டையாக ஒரு கிக் போட்டது. 10 யார்டு தாண்டும் முன் உதைத்த அணி பந்தைத் தொடக் கூடாது, தொட்டார்கள். குவியலுக்குள்ளிருந்து பந்தோடு வெளியே வந்தவரும் ஓக்லஹோமாக்காரர். பந்து ஓரிகனுக்கு என்று தீர்ப்பு. ரீப்ளேயும் அதை மாற்றவில்லை. 34-33 என்று ஓரிகன் ஜெயித்தது. பாக் 10 லீக் பிழையை ஒப்புக்கொண்டு, களத்து நடுவர்களையும் ரீப்ளே அதிகாரிகளையும் ஒரு ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அந்த ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்னார். நடக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் நடுவர்கள் பாக் 10-இன் ஆட்கள், வீட்டு அணியும் பாக் 10. ஆர்லிங்டனில் இரண்டு அணியும் பிக் 12 தான். ஆனால் டெக்சஸ் ஜெயித்தால் லீகுக்குப் பெயரும் காசும் அதிகம். நெப்ராஸ்கா முகாமில் சதி என்ற பேச்சு கிளம்பியதற்கு இதுவே காரணம். சதிக்கு ஒரு சான்றும் இல்லை. படத்தில் பந்து கம்பியில் படும்போது 0:01 இருக்கிறது. சதிகாரன் அதை உண்டாக்க முடியாது. ஆனால் யாருக்கு லாபமோ அவரே நடுவருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாட்டில், சரியான தீர்ப்பும் சந்தேகத்தோடுதான் பிறக்கும். அதற்கு நெப்ராஸ்கா ரசிகனைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த விநாடி இல்லாமல் போயிருந்தால் வேறு யார்? அதே நாளில் பிட்ஸ்பர்க்கை 45-44 என்று தப்பிப் பிழைத்து வென்ற சின்சினாட்டி தோல்வியே இல்லாமல் வரிசையில் நின்றது. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகமும் (டிசியூ) அப்படியே. இருவரில் ஒருவர் அலபாமாவோடு மோதியிருப்பார்கள். நடந்தது வேறு: ஜனவரி 7-இல் நடந்த தேசிய சாம்பியன்ஷிப்பில் மெக்காய் ஆரம்பத்திலேயே தோளில் அடிபட்டு வெளியேற, டெக்சஸ் 37-21 என்று தோற்றது. சின்சினாட்டி, சீசன் முடிவில் நடக்கும் ‘பவுல்’ ஆட்டங்களில் ஒன்றான சுகர் பவுலில் ஃபுளோரிடாவிடம் 51-24 என்று நொறுங்கியது. டிசியூ ஃபியஸ்டா பவுலில் பாய்சி ஸ்டேட்டிடம் தோற்றது. நெப்ராஸ்கா மட்டும் கோபத்தையெல்லாம் அரிசோனா மேல் காட்டி, ஹாலிடே பவுலை 33-0 என்று வாரிக்கொண்டு போனது. அடுத்த ஜூனில் பிக் 12-ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தார்கள். அந்த முடிவுக்கு ஒளிபரப்புப் பணம், லீகின் எதிர்காலம் என்று கனமான காரணங்கள் இருந்தன. ஒரு விநாடிக் கோபத்தில் யாரும் லீக் மாறுவதில்லை. ஆனால் பிரிவைக் கொண்டாட ரசிகர்களுக்கு அந்த விநாடி கை கொடுத்தது.

விதி எழுதுகிறவர்களும் விரலின் வேகத்தை மறக்கவில்லை. 2013-இல் ஒரு மாற்றம் வந்தது: கடிகாரத்தில் 3 விநாடியாவது இருந்தால்தான் பந்தைத் தரையில் அடித்து நிறுத்திவிட்டு இன்னொரு ஆட்டம் ஆட முடியும். 2 அல்லது 1 என்றால் ஒரே ஆட்டம்தான். மிஷிகன் ஸ்டேட் பாணியில் 1 விநாடிக்குக் கடிகாரக்காரரின் அனிச்சை வேகத்தை நம்பி வழக்காடுகிற வேலை இதனால் குறைந்தது. டெக்சஸ் வகைக்கு, அதாவது காற்றில் பறக்கிற பந்துக்கு, இப்படி ஒரு எண்ணை எழுதி முடிக்க வழியில்லை. அங்கே படம்தான் கதி.

படத்தைப் பார்க்கிறவர் வாய் திறக்காவிட்டால்? 2016 செப்டம்பர் 10, ஸ்டில்வாட்டர். சென்ட்ரல் மிஷிகனுக்கு எதிராக ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என்று முன்னே இருக்க, 4 விநாடி பாக்கி, நாலாவது டவுன் (முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் கடைசி). குவார்ட்டர்பேக் மேசன் ருடால்ஃப் நேரம் தீரட்டும் என்று பந்தைத் தூரமாக எறிந்தார். மெக்காய் மாதிரியே வீணாக்கும் வீச்சு, நோக்கம் மட்டும் நேர் எதிர். சுற்றிலும் பிடிக்க ஆளில்லாததால் தண்டனை விதித்தார்கள், கடிகாரம் 0:00. டவுனையும் சேர்த்து இழக்கிற தண்டனைக்காக ஆட்டத்தை நீட்டிக்கக் கூடாது என்பது விதி. நடுவர்கள் அதை மறந்து, சென்ட்ரல் மிஷிகனுக்கு இல்லாத ஒரு ஆட்டத்தைக் கொடுத்தார்கள். கூப்பர் ரஷ் 51 யார்டு தூரத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டார். பிடித்த ஜெஸ்ஸி க்ரோல் விழுந்துகொண்டே கோரி வில்லிஸிடம் தள்ளினார். வில்லிஸ் ஓடிப்போய் டச்-டவுன். 30-27.

களத்து நடுவர்கள் மிட்-அமெரிக்கன் லீகின் ஆட்கள், ரீப்ளே அறையில் இருந்தவர்கள் பிக் 12-இன் ஆட்கள். இரண்டு குழுவுக்கும் இரண்டு வாரத் தடை. ஆட்டத்தை நிறுத்தி, விதி தவறாகப் போடப்படுகிறது என்று களத்துக்குச் சொல்லும் வாய்ப்பு விதிநூலில் இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் ரீப்ளே குழுமேல் சொன்ன குற்றம். ஆர்லிங்டனில் அதே லீகின் ரீப்ளே அறை தலையிட்டது, அதற்காக வசை வாங்கியது. ஸ்டில்வாட்டரில் சும்மா இருந்தது, தடை வாங்கியது. இரண்டில் எது சரியான வேலை என்று யாராவது கேட்டால், ஓக்லஹோமா ஸ்டேட்டின் அந்த வருஷப் பதிவேட்டைக் காட்டுவேன். நடக்கவே கூடாத ஒரு ஆட்டத்தில் வந்த தோல்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகும், அது தோல்வியாகவே எழுதப்பட்டிருக்கிறது.